சத்துவாச்சாரிப் பூங்காவில் தண்ணீர் போன வழி: ஒன்றரை ஆண்டு வேலைக் குறிப்பு

வேலூரைப் பற்றி ஊருக்குள்ளேயே வழங்கும் ஒரு கேலிப் பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. வேலூரில் எங்கள் பகுதியான சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த ஜலகண்டேஸ்வரர் லிங்கம் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியதோடு இதில் ஒரு வரி பொய்யாகிவிட்டது. மற்ற வரிகளில் தண்ணீரும் மரமும் இல்லாத குறை எங்கள் குடியிருப்புப் பூங்காவுக்கும் அப்படியே பொருந்தியது. சுமார் 40 சென்ட் நிலம், அதைச் சுற்றி நடைபாதை, வடக்கு ஓரத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும், தெற்கே வாடி நின்ற 11 மரங்கள், நடுவில் பார்த்தீனியக் களை மண்டிய வெற்றுத் தரை. இதைச் சீர்செய்ய ஞாயிறு காலைகளில் கூடிய ஒன்பது பேரில் நானும் ஒருவன். நாங்கள் செய்த தவறுகளே பிறருக்கு அதிகம் பயன்படும் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மாநகராட்சியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றவுடன், மார்ச் மாத நடுவில், ஆர்வம் தாங்காமல் 60 கன்றுகளை ஒரே நாளில் நட்டோம். ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை எருக்குப்பை, தினமும் மாலையில் ஒரு குடம் போர் தண்ணீர் என்று ஒரு குறையும் வைக்கவில்லை என்றே நினைத்திருந்தோம். அக்னி நட்சத்திரம் முடிந்த மறுவாரம் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை 13. வெயிலைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்திருப்போம். மலைகள் சூழ்ந்த இந்த ஊரில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று, வெயில் தணிந்த பிறகும் பாறைகள் அனலை விட்டுக்கொண்டிருக்கும் என்பதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் காய்ந்த கன்றுகளைப் பிடுங்கியபோது ஒரு விசித்திரத்தைப் பார்த்தோம். மேல்மண் வெடித்துக் கட்டிதட்டிக் கிடக்க, குழியின் அடியில் சாக்கடை வாடையோடு கறுத்த சேறு இருந்தது. வேர்நுனிகள் விரலால் தொட்டதும் வழுக்கிக்கொண்டு தோலுரிந்தன. ஆக, பாதிக் கன்றுகள் தாகத்தால் சாகவில்லை, அழுகிச் செத்திருந்தன.

அங்கேயே ஒரு குழியை மேலும் தோண்டியபோது காரணம் கிடைத்தது. குடியிருப்பு கட்டிய காலத்தில் மேடாக்கக் கொட்டிய செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் ஓர் அடி ஆழத்துக்கு இருந்தன; அதற்குக் கீழே கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கும் சுக்கான் என்ற இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்கு. இறுகிய தரையில் குழி வெட்டி எருவை நிரப்புவது ஓட்டையில்லாத மண்தொட்டியில் செடி வைப்பதற்குச் சமம் என்பதையும், ஊற்றுகிற தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் அடியில் தேங்கிவிடும் என்பதையும் 47 கன்றுகளைப் பலி கொடுத்துத்தான் கற்றோம். போர் தண்ணீரும் உப்புச் சுவை கொண்டது. குழியின் விளிம்புகளில் வெண்ணிறமாகப் பூத்திருந்ததை அதுவரை எறும்பு மருந்து என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அது ஆவியான தண்ணீர் விட்டுச் சென்ற உப்பு.

பூங்கா வாசலுக்கு எதிரே பல ஆண்டுகளாக இட்லிக் கடை போட்டிருக்கும் ஆயா எங்கள் வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர். செத்த கன்றுகளைக் குவித்த நாளில், “மழையில வந்து பாரு நைனா, தண்ணி எந்தாண்ட போவுதுன்னு. வெயில்ல வந்து பார்த்தா இன்னா தெரியும்?” என்றார். அவருடைய சொல் அன்று கொஞ்சம் குத்தியது. மழை பெய்யும்போது ஒருமுறையாவது நின்று பார்க்காதவர்கள் ஒரு பூங்காவில் மண்வெட்டியைத் தொடவே கூடாது என்பது இப்போது என் கருத்து.

வேலூரில் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு கொட்டும் மழையே போதும். ஜூலையில் அப்படியொரு மாலை குடையும் ஒரு கட்டு மூங்கில் குச்சியுமாக நான்கு பேர் போய் நின்றோம். தண்ணீர் தேங்கிய எல்லையிலும் ஓடிய தடத்திலும் குச்சிகளை நட்டு, மறுநாள் காலையில் அவற்றை இணைத்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டபோது, மூன்று மாதமாகப் புரியாதது தரையில் வரைபடமாகத் தெரிந்தது. இந்தப் பகுதியின் நிலம் தெற்கே மலையடிவாரத்திலிருந்து வடக்கே பாலாற்றை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவில் வந்த தண்ணீரைப் பூங்காவின் வடக்குச் சுற்றுச்சுவர் மறித்துவிட, அது முழுவதும் ஊஞ்சல்களின் அடியில் போய் நின்றது. தெற்கே மரங்கள் இருந்த மேட்டிலோ நடைபாதையில் பதித்த பேவர் பிளாக்கின் மேல் விழுந்த மழை வேருக்குள் இறங்காமலே கீழ்நோக்கி ஓடிவிட்டது. மேட்டில் மரம் தாகத்தில், பள்ளத்தில் இரும்பு தண்ணீரில். அகழி கோட்டையைச் சுற்றி இருந்தால் அழகு. ஊஞ்சலைச் சுற்றி இருந்தால் துருதான்.

கண் மதிப்பை மட்டும் நம்பாமல் மட்டமும் பார்த்தோம். இதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் டியூப் போதும்: 50 அடி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெற்கு வாசல் தூணிலும் மறுமுனையைப் படிப்படியாக வடக்கேயும் பிடித்து, இரு முனைகளிலும் தண்ணீர் நிற்கும் இடத்தைக் கரியால் குறித்துக்கொண்டே போக வேண்டும். டியூபுக்குள் ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் கணக்கு பொய்த்துவிடும். முதல் தடவை எங்களுக்கு நிலம் தெற்கு நோக்கிச் சரிவதாக வந்தது. மேஸ்திரி சிரித்துக்கொண்டே டியூபைத் தட்டிக் குமிழியை வெளியேற்றினார். சரியாக அளந்தபோது பூங்காவின் இரு முனைகளுக்கும் இடையே 7 அங்குல வித்தியாசம்.

அடுத்து கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். பேவர் பதித்த பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர அடி, அதாவது 232 சதுர மீட்டர். ஒரு மாலையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் அதிலிருந்து மட்டும் 4,600 லிட்டருக்கு மேல் வழிகிறது. இந்த ஊரில் ஒரு தண்ணீர் லாரியில் வருவதில் கணிசமான பங்கை ஒரே மழையில் சுவரோரம் நிறுத்தி ஊஞ்சலைத் துருப்பிடிக்க விட்டிருந்தோம் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

நீளம் 4 அடி, அகலம் 4 அடி, ஆழம் 6 அடி என்ற அளவில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழிகள் எடுப்பது என்று முடிவாயிற்று. இப்படி ஒரு குழியின் கொள்ளளவு சுமார் 2,700 லிட்டர் என்றாலும், ஜல்லி நிரப்பியபின் இடைவெளிகளில் நிற்பது அதில் ஐந்தில் இரண்டு பங்களவே. எனவே ஒரு குழி போதாது; மழை பெய்யும்போதே ஒரு பகுதி கீழே இறங்கிவிடும் என்பதையும் சேர்த்தால்கூட மூன்றாவது வேண்டும். எங்கே எடுப்பது என்பதற்கு ஓர் எளிய சோதனை செய்தோம். ஓர் அடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி, அது ஊறியபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியால் அளந்தோம். இடிபாட்டு மண்ணில் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. சுக்கானை உடைத்து நாலரை அடிக்குக் கீழே போனதும் சரளை வந்தது. அங்கே ஊற்றிய ஒரு வாளி, மேஸ்திரி பீடியைப் பற்றவைத்து முடிப்பதற்குள் காணாமல் போயிற்று. உறிஞ்சுகுழியின் உயிர் அந்தச் சரளையைத் தொடுவதில் இருக்கிறது. அதைத் தொடாமல் நான்கடியில் நிறுத்தி, மேலே பெயர்ப்பலகை மட்டும் மாட்டிவைத்த குழிகளை இதே ஊரில் பார்த்திருக்கிறேன்.

முதல் குழியைச் சுவரிலிருந்து மூன்றடியில் குறித்தோம். மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்: “அஸ்திவாரத்தாண்ட தண்ணிய இறக்குனா செவுரு எறங்கும் சார், பத்தடி தள்ளுங்க.” தள்ளினோம். அடியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி, அதன்மேல் 20 மில்லிமீட்டர், மேலே ஓர் அடிக்குக் கழுவிய பருமணல் என்ற வரிசையில் நிரப்பினோம். எம்-சாண்டை அப்படியே கொட்டினால் அதிலுள்ள மாவுத்தூள் இடைவெளிகளை அடைத்துவிடும் என்பதால், சலித்துக் கழுவ ஒரு முழு ஞாயிறு போயிற்று. அவ்வளவு செய்தும் ஆகஸ்ட் மழையில் முதல் குழி நிரம்பி வழிந்தது. புங்க இலைகளும் வண்டலும் மணலின் மேல் ஒரு தோல்போலப் படிந்திருந்தன. குழிக்கு முன்னால் இரண்டடிச் சதுரத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, வரும் தண்ணீர் அதில் தங்கி மண்ணை விட்டுவிட்டு மேல்நீர் மட்டும் குழிக்குள் போகும்படி வைத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. தொட்டியில் படியும் வண்டலை மட்டும் ஒவ்வொரு மழைக்குப் பின்பும் வாரி எடுத்தாக வேண்டும். இதைத் தவற விடாதிருக்க வாசல் அறையில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

இனி மரங்கள். முன்னொரு காலத்தில் நடைபாதை போட்ட ஒப்பந்ததாரர் பேவரை அடிமரம் வரை கொண்டுவந்து சேர்த்து, இடைவெளியை சிமென்ட் கலவையால் பூசியிருந்தார். மூன்றாவது புங்கமரத்தில் அந்தப் பூச்சு, வளர்ந்த பிள்ளையின் இடுப்பில் அவிழ்க்காமல் விட்ட அரைஞாண் கயிறுபோல இறுகியிருந்தது. பட்டை அதன்மேல் உதடுபோல் பிதுங்கி, கலவையின் ஓரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. மரத்தின் தண்ணீர் குடிக்கும் வேர்கள் பெரும்பாலும் மேலே ஓரிரு அடி மண்ணிலேயே, கிளைநுனிகளின் நிழல் விழும் வட்டம் வரையிலும் அதையும் தாண்டியும் பரவியிருப்பவை. அந்த மண்ணுக்குக் காற்றும் நீரும் போகாமல் மூடிவிட்டு அடிமரத்தில் ஒரு குடம் ஊற்றுவதால் பயன் மிகக் குறைவு.

உடைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதை நான் மறுத்தேன். அதன் அதிர்வில் வேரும் பட்டையும் சேர்ந்து பிய்ந்துவிடும். உளியும் சம்மட்டியும் கொண்டு, மரத்திலிருந்து வெளிநோக்கி ஆரங்கள்போல முதலில் கோடு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வெளிப்பக்கமாக நெம்பி எடுத்தோம். பட்டைக்குள் புதைந்துவிட்ட சில்லுகளைத் தோண்டவில்லை. இறுக்கம் விட்டால் போதும், மீதியை மரம் பார்த்துக்கொள்ளும். ஒரு மரத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். குறைந்தது ஐந்தடிச் சதுரம் திறந்துவிட்டு, இறுகிய மண்ணைக் கைக்கொத்தால் மேலாகக் கிளறி, மூன்று அங்குல உயரத்துக்குச் சருகு பரப்பினோம். அடிமரத்தைத் தொட்டுச் சருகைக் குவிக்கக் கூடாது. ஈரம் தங்கிப் பட்டை அழுகும். அத்தோடு ஒரு மரத்திலிருந்து மட்டும் 23 ஆணிகளைப் பிடுங்கினோம். பெரும்பாலும் மனை விற்பனை விளம்பரம், பாக்கி டியூஷன். 11 மரங்களில் ஒரு பூவரசு பிழைக்கவில்லை. மற்றவை அடுத்த பங்குனியில் துளிர்த்தபோது, முந்தைய ஆண்டு மொட்டையாக நின்ற கிளைகளிலும் இலை வந்தது.

இரண்டாம் நடவைச் செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்னால் வைத்தோம். இம்முறை 60 அல்ல, 18 கன்றுகள் மட்டும்: வேம்பு, புங்கன், மகிழம், சரக்கொன்றை. மூன்றடிக் குழி, அடியில் சுக்கானைக் கடப்பாரையால் பொத்துவிட்டு, இடிபாட்டை அள்ளி எறிந்து, டிப்பரில் வந்த செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினோம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, வாயைச் சிறு ஓட்டால் மூடினோம். பானையின் சுவர் வழியே கசியும் ஈரத்தை வேர் தேடிவந்து உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் நாலு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். காட்பாடிக்கு அருகே கரிகிரி மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர் என்றாலும், அங்கே புகழ்பெற்றவை பளபளப்பேற்றிய வகை. அவை கசியாது, இதற்கு உதவாது. வாய் உடைந்ததால் விற்காமல் கிடந்த சாதாரணச் சுட்ட பானைகளைக் குயவரிடம் சொல்லிவைத்து வாங்கினோம். புதைக்குமுன் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு திண்ணையில் வைத்து, வெளிப்புறம் வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டோம்; வியர்க்காத இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடுத்த கோடையைத் தாண்டி 16 கன்றுகள் நிற்கின்றன. இறந்த இரண்டில் ஒன்றை ஆடு மேய்ந்தது.

ஊஞ்சலுக்கு வந்தால், அதுவும் தண்ணீர்க் கதைதான். நான்கு கால்களும் மேலே பெயின்ட்டோடு மினுக்கியதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. வெல்டிங் பாய் வந்து சின்னச் சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். தரையிலிருந்து அரையடி உயரம் வரை ‘தப் தப்’ என்ற மந்த ஒலி. அதற்கு மேலே ‘டிங்’. மந்த ஒலி வந்த இடத்தில் திருப்புளியை அழுத்தியதும் அது அப்பளத்துக்குள் போவதுபோல் உள்ளே போய்விட்டது. குழந்தைகள் அந்த ஊஞ்சலில் முந்தைய நாள் மாலை வரை ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்றே சங்கிலிகளை மேலே சுருட்டிக் கட்டிச் சாக்கைச் சுற்றினோம். அதற்காகக் குழந்தைகளிடம் வாங்கிய திட்டை இங்கே எழுதவில்லை.

கால்களைத் தரைக்கு மேல் ஓர் அடியில் அறுத்து, உள்ளே இறுக்கமாக நுழையும் கனமான பைப்பைச் செருகிச் சுற்றிலும் வெல்டு வைத்தார் பாய். பழைய காங்கிரீட் அடித்தளத்தின் மேற்பரப்பு தரைமட்டத்துக்குக் கீழே, கிண்ணம்போல் குழிந்திருந்ததே தவறு. புதிய தளத்தைத் தரைக்கு மேல் ஆறு அங்குலம் உயர்த்தி, காலைச் சுற்றி வெளிப்புறம் சரியும்படி பூசினோம். கசடைத் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு, காய்ந்தபின் எனாமல். மேல்குழாயில் சங்கிலி தொங்கிய எஸ் வடிவக் கொக்கிகள் பாதி தேய்ந்திருந்ததால் அவற்றைக் கழற்றிவிட்டு, திருகால் மூடும் டி ஷாக்கிள் வளையங்களை மாட்டி, திருகு கழலாமல் கம்பியால் பூட்டினோம். ஒரு இருக்கையில் 50 கிலோ சிமென்ட் மூட்டை மூன்றைக் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்த்த பிறகே சாக்கை அவிழ்த்தோம்.

இரும்புச் சறுக்குமரம் மேற்கு நோக்கி இருந்தது. மே மாத மாலை நாலரை மணிக்கு அதில் கையை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். இந்த ஊரில் அதை மேற்கு நோக்கி வைக்கத் துணிந்தவர் குழந்தையாக இருந்ததே இல்லையோ என்னவோ. அதைக் கழற்றி, புங்க நிழலில் வடக்கு முகமாக நட்டோம்.

பார்த்தீனியத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உப்புக் கரைசல் தெளிக்கலாம் என்று சொல்வார்கள். ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்னரே, கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்குவதுதான் வழி. ஒரு செடி பல்லாயிரம் விதை போடும் என்பதால் பூத்தபின் பிடுங்குவது விதைக்கும் வேலையாகிவிடும். மூன்று மழைக்காலம் விடாமல் செய்ய வேண்டும் என்று கணக்கு, இரண்டு முடிந்திருக்கிறது. சருகை எரிக்கும் பழக்கத்தை நிறுத்த வாய்ச்சண்டையே போட வேண்டியிருந்தது. கம்பிவலையை மூன்றடி விட்டத்தில் வளையமாக்கி, சருகும் சாணிக்கரைசலும் அடுக்கடுக்காகப் போட்டு, இருவாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் புங்க இலை மூன்று மாதத்தில் மக்கிவிடுகிறது. மாவிலை மட்டும் பிடிவாதம் பிடிக்கிறது.

வாசல் அறை நோட்டில் இந்த வாரம் எழுதியிருப்பது: இரண்டாம் தொட்டியில் நாலு அங்குல வண்டல், ஞாயிறன்று வாரி எடுக்க வேண்டும். சீசாப் பலகையின் நடுப் புஷ் ஆடுகிறது, பாயிடம் சொல்லியாயிற்று. ஏழாம் எண் பானையில் நான்கு நாளாகியும் தண்ணீர் குறையவில்லை. துவாரங்கள் உப்பால் அடைத்திருக்கலாம், எடுத்துத் தேய்த்துப் பார்க்கவும். அதற்குக் கீழே, ஆயா சொல்லி யாரோ எழுதியது: கிழக்கு மூலையில் நேற்று மழையில் புதிதாகத் தண்ணீர் நின்றது.